லினக்ஸில் வீடியோ திக்குகிறதா? கொழிஞ்சாம்பாறைக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கடை கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. கோவை ரோட்டில் வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் இறங்கினால் பாலக்காடு. அதனால் இரண்டு மாநிலத்து லேப்டாப்பும் எங்கள் மேஜைக்கு வரும். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு இந்திய அரசின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. கேரளப் பள்ளிக்கூடங்களில் கைட் (மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம்) தரும் லினக்ஸ், உபுண்டு என்ற லினக்ஸ் வகை வழி வந்தது. ஆக, லினக்ஸ் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "வீடியோ ஏன் இழுக்குது" என்பதற்குத்தான் தினமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். கட்டளைகளைப் போனில் சொல்வது மாதிரி ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

ஏனுங்க, 100 எம்பி லைன் போட்டாச்சு. அப்பவும் திக்கித் திக்கித்தான் ஓடுது. லைன்காரனை மாத்தட்டுங்களா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: நடுவில் வட்டம் சுற்றுகிறதா, இல்லை வட்டமே வராமல் படம் மட்டும் வெட்டி வெட்டிப் போகிறதா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வட்டம் சுற்றினால் பெரும்பாலும் நெட் பக்கம் கோளாறு. வட்டம் இல்லாமல், பாட்டு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டே படம் மட்டும் தாவினால், வந்து சேர்ந்த வீடியோவை விரித்துக் காட்ட உங்கள் கணினிக்குத் தெம்பு போதவில்லை. இதற்கு 100 எம்பி இல்லை, 1000 எம்பி போட்டாலும் பலனில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு தோப்புக்காரர். கோயில் வேலா திருவிழாவில் பஞ்சவாத்தியம் வாசித்ததை யாரோ யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள், அதைப் பெரிய டிவியில் போட்டுப் பார்க்க ஆசை. மத்தளக்காரர் கை மேலே போவது தெரிகிறது, கீழே வருவது தெரியவில்லை. அடி மட்டும் கேட்கிறது. அதற்காக ஒரே மாதத்தில் இரண்டு முறை பிளானை உயர்த்தியிருந்தார். வீடியோ மேல் வலது சொடுக்கு போட்டு, அதில் கடைசியாக வரும் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தோம். பஃபர் 42 நொடி தயாராக இருந்தது. அதாவது நெட் தன் வேலையைச் செய்துவிட்டு முன்னாலேயே காத்துக்கொண்டு நின்றது. அதே பெட்டியில் இன்னொரு வரி: 1840 ஃபிரேமில் (தனித்தனிப் படத்தில்) 1130 கைவிடப்பட்டது. லைன்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்தப் பெட்டியில் நிறைய எண் ஓடுதே, எதைப் பார்க்கறது?

மூன்று போதும். 'டிராப்டு ஃபிரேம்ஸ்' என்ற இடத்தில் கைவிட்டது எத்தனை, மொத்தம் எத்தனை என்று இருக்கும். ஆரம்பத்தில் நாலைந்து விழுவது சகஜம். நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே போனால் கணினி திணறுகிறது. 'பஃபர் ஹெல்த்' இன்னும் எத்தனை நொடி கையிருப்பு என்பதைச் சொல்லும். அது பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் நெட்டைப் பாருங்கள். மூன்றாவது 'கோடெக்ஸ்'. அங்கே ஏவி01, விபி09, ஏவிசி1 என்ற மூன்றில் ஒன்று இருக்கும். அடுத்த கேள்வி முழுக்க அதைப் பற்றித்தான்.

கோடெக்னா என்னங்க? நாலு வருஷம் முன்னாடி இதே லேப்டாப்பில் நல்லாத்தானே ஓடிச்சு?

ஓடியிருக்கும். லேப்டாப் அதேதான், வருகிற வீடியோதான் மாறிவிட்டது.

வீடியோவை அப்படியே அனுப்பினால் எந்த லைனும் தாங்காது. அதனால் சுருட்டி அனுப்புகிறார்கள். சுருட்டும் முறைதான் கோடெக். எச்.264 என்பது 2003-இல் வந்த முறை (பெட்டியில் ஏவிசி1 என்று இருக்கும்). 2013-இல் கூகுளின் விபி9. 2018-இல் பல நிறுவனங்கள் கூடிச் செய்த ஏவி1. புதிய முறை ஒவ்வொன்றும் இன்னும் இறுக்கமாகச் சுருட்டும். டேட்டா மிச்சம். ஆனால் இறுக்கமாகச் சுருட்டியதைப் பிரிப்பதும் கஷ்டம்.

பிரிக்கும் வேலையைச் செய்ய கிராஃபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதிக்கு எந்தெந்தக் கோடெக் தெரியும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. பிறகு எந்த அப்டேட் போட்டும் கற்றுக்கொடுக்க முடியாது. இன்டெல் என்றால் கணக்கு இப்படி: எச்.264 பழையதிலும் உண்டு. விபி9 முழுசாக வந்தது 7-ஆம் தலைமுறையில். ஏவி1 வந்தது 2020-இல், 11-ஆம் தலைமுறையில். ஏஎம்டி, என்விடியா கார்டுகளில் ஏவி1 வந்ததும் அதே 2020 வாக்கில்தான். சிப்புக்குத் தெரியாத கோடெக் வந்தால் பாவம், மொத்தச் சுமையும் கணினியின் மூளையான சிபியு தலையில் விழும்.

தோப்புக்காரர் வைத்திருந்தது 4-ஆம் தலைமுறை ஐ3. அவருக்கு வந்தது ஏவி1, அதுவும் 1080பி தெளிவில், நொடிக்கு 60 ஃபிரேம். தாங்குமா?

அப்போ பழைய எச்.264-லேயே அனுப்புன்னு சொல்ல முடியாதா?

முடியும். என்னைக் கேட்டால் பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. 'எச்264இஃபை' என்று ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது, 'என்ஹான்ஸ்டு' என்ற முன்னொட்டோடு அதன் திருத்திய வடிவமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை உலாவியில் சேர்த்தால், "எனக்கு ஏவி1 தெரியாது, விபி9 தெரியாது" என்று உங்கள் உலாவி யூடியூபிடம் கை விரித்துவிடும். அங்கிருந்து எச்.264 வரும். 60 ஃபிரேமைத் தடுக்கவும் அதில் ஒரு கட்டம் உண்டு, அதையும் டிக் செய்யுங்கள்.

7 முதல் 10-ஆம் தலைமுறை வரை வைத்திருப்பவர்கள் ஏவி1-ஐ மட்டும் தடுத்தால் போதும், விபி9 ஓடும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு நீட்சி கூட வேண்டாம். முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' தட்டி, 'மீடியா.ஏவி1.எனேபிள்டு' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

இதில் நஷ்டமும் உண்டு. யூடியூபில் எச்.264 என்றால் 1080பி-க்கு மேல் கிடைக்காது. டேட்டாவும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். பழைய லேப்டாப்பின் 1366 அகலத் திரையில் 4கே பார்த்து என்ன செய்யப் போகிறோம், சொல்லுங்கள்.

சிப்புக்குத் தெரியும்னு சொல்றீங்க, ஆனா சிபியு 100-க்குப் போகுது. ஏன்?

சிப்புக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவில் டிரைவர் இருக்க வேண்டும், உலாவியும் அதைக் கூப்பிட வேண்டும். லினக்ஸில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

லினக்ஸில் உலாவியும் சிப்பும் பேசிக்கொள்ளும் பாதைக்கு விஏ-ஏபிஐ என்று பெயர். பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க 'விஏஇன்ஃபோ' என்ற சின்ன நிரலை நிறுவி, டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) அந்தப் பெயரைத் தட்டுங்கள். பட்டியல் ஒன்று விழும். எச்264, விபி9, ஏவி1 என்ற பெயர்களுக்கு எதிரே 'விஎல்டி' என்று முடியும் வரி இருந்தால் அந்தக் கோடெக்கைச் சிப் பிரிக்கும் என்று அர்த்தம். பட்டியலே வராமல் பிழைச் செய்தி வந்தால் டிரைவர் இல்லை.

இன்டெல்லில் இரண்டு டிரைவர் உண்டு, இதில்தான் குழப்பம். 5-ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகும் என்றால் 'இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர்'. 4-ஆம் தலைமுறையும் அதற்கு முன்பும் என்றால் 'ஐ965-விஏ-டிரைவர்'. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் பொதிகளின் (பேக்கேஜ்) பெயர் இதுதான். ஃபெடோரா என்ற வகைக்காரர்களுக்கு வேறு கதை. காப்புரிமைச் சிக்கலால் 2022-இல் மெசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் பொதியிலிருந்து எச்.264 எடுக்கப்பட்டது. ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்து, அங்கிருக்கும் 'ஃப்ரீவேர்ல்டு' வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

டிரைவர் சரி என்றானதும் உலாவி. ஃபயர்ஃபாக்ஸ் 115-இலிருந்து (2023 ஜூலை) இன்டெல் சிப்புக்கு லினக்ஸில் இது தானாகவே இயங்கும். அதற்கு முந்தைய பதிப்பை இன்னும் வைத்திருந்தால் முதலில் புதுப்பியுங்கள். 'அபவுட்:சப்போர்ட்' பக்கத்தில் மீடியா பகுதிக்கு இறங்கினால் எந்தக் கோடெக் வன்பொருளில், எது மென்பொருளில் என்று கட்டம் போட்டே காட்டும். குரோமில் 'குரோம்://ஜிபியு' பக்கத்தில் 'வீடியோ டிகோடு' வரியைப் பாருங்கள். 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்றிருந்தால் சுமை சிபியு மேல்தான். குரோமுக்கு இதைத் திறக்க வேண்டிய கொடிகளின் (ஃபிளாக்) பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டிருக்கும். எனக்கு அதைத் துரத்திச் சலித்துவிட்டது. கடைக்கு வரும் பழைய மெஷின்களுக்கு நான் ஃபயர்ஃபாக்ஸ்தான் போட்டுக்கொடுக்கிறேன்.

ஸ்னாப், பிளாட்பேக் என்ற பொதி முறைகள் வழியாக வந்த உலாவி என்றால் அது தனிப் பெட்டிக்குள் வாழ்கிறது. வெளியே நீங்கள் நிறுவிய டிரைவர் அதன் கண்ணில் படாமல் போகலாம். எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், அதே உலாவியின் சாதாரணப் பொதியைப் போட்டு ஒரு முறை பாருங்கள்.

கடைசிச் சோதனை இன்டெல்காரர்களுக்கு: வீடியோ ஓடும்போது இன்னொரு சாளரத்தில் 'சூடோ' (நிர்வாகி அனுமதி) போட்டு 'இன்டெல்_ஜிபியு_டாப்' ஓட்டுங்கள். 'வீடியோ' என்ற பட்டை அசைந்தால் சிப் வேலை செய்கிறது. பூஜ்யத்திலேயே கிடந்தால் யாரும் அதைக் கூப்பிடவில்லை.

வீடியோ மட்டும் இல்லைங்க, பக்கத்தை உருட்டினாலே இழுக்குது.

அப்படியானால் கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை என்று சந்தேகப்படுங்கள். 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' ஓட்டி 'ரெண்டரர்' வரியைத் தேடுங்கள். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் சிபியுவே வரைகிறது என்று பொருள். பெரும்பாலும் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு விடுபட்டிருக்கும். டெபியனில் இது அடிக்கடி நடந்தது, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே ஃபர்ம்வேரைச் சேர்த்துவிட்டார்கள். பழையது வைத்திருந்தால் 'நான்-ஃப்ரீ' களஞ்சியத்தைத் திறந்து நிறுவுங்கள்.

காலையில் நல்லா ஓடுது, மத்தியானம் ஆனா இழுக்குது. நெட்ல கூட்டமா?

இருக்கலாம். ஆனால் மாசி பங்குனியில் இதைக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். பாலக்காடு, வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர். மலை இடைவெளிக் காற்று வேறு தூசியை வாரிக்கொண்டு வரும். உள்ளே சூடு 90, 95 என்று ஏறினால் சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'சென்சார்ஸ்' கட்டளை சூட்டைக் காட்டும். வீடியோ ஓடும்போது அதைப் பார்த்தால் நெட் கூட்டமா, சூடா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லையோரக் கோபாலபுரம் பக்கத்து நார் ஆலை ஒன்றிலிருந்து கணக்கு எழுதுபவர் ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். கணக்கு முடிந்ததும் பழைய பாட்டு பார்ப்பாராம், பத்தே நிமிடத்தில் படம் நின்றுவிடுமாம். யார் யாரோ ஓஎஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அடிமூடியைக் கழற்றினேன். விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தென்னை நார்த் தூள் படிந்து படிந்து, பாய் மாதிரி ஒரு துண்டாகவே உரிந்து வந்தது. காற்று போக ஊசி நுழையும் இடம் கூட இல்லை. அதை எடுத்துவிட்டு, காய்ந்து பொடியாகிக் கிடந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். லினக்ஸில் ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை.

நீங்களே ஊதிச் சுத்தம் செய்வதானால் விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சும்மா சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

சூடே இல்லாமல் சிபியு 800 மெகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சார்ஜரைக் கவனியுங்கள். வேறு கம்பெனி சார்ஜரை மாட்டினால் வேகத்தை இறக்கிவிடும் லேப்டாப்கள் உண்டு.

அண்ணா, அக்கா படிச்சப்போ கொடுத்த கவர்மெண்ட் லேப்டாப். இதுல பாடம் பார்க்க முடியுமா?

முடியும் தம்பி, 480பி வரைக்கும் கவலையில்லை. ஆனால் அதில் வந்த பழைய பாஸ் லினக்ஸையே வைத்துக்கொண்டு முடியாது. உலாவி பழசு. முதலில் 64-பிட் சிப்பா என்று பாருங்கள். 'எல்எஸ்சிபியு' சொல்லும். 64 என்றால் 64-பிட் லினக்ஸையே போடுங்கள். 32-பிட் லினக்ஸை குரோம் 2016 மார்ச்சிலேயே கைவிட்டுவிட்டது.

இந்தத் தம்பி கொண்டுவந்ததில் ராம் 2 ஜிபி. 'ஃப்ரீ' கட்டளையில் பார்த்தால் ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்கில் எடுக்கும் இடம்) நிரம்பி வழிகிறது. வீடியோ நிற்கும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது. ராம் போதாமல் டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 4 ஜிபி ஆக்கி, எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் போட்டு, ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் 'இசட்ராம்' இயக்கினேன். கையில் காசு இருந்தால் அடுத்து எஸ்எஸ்டி. காசு இல்லையென்றால் வீடியோ பார்க்கும்போது ஒரே ஒரு தத்தல் (டேப்) மட்டும் திறந்து வையுங்கள். இதையும் மருந்தாகவே சொல்கிறேன்.

பஃபர் நிறைய இருக்கு, சிபியு சும்மா இருக்கு. ஆனாலும் வட்டம் சுத்திட்டே இருக்கு!

இது விசித்திரமான நோய். முதல் முறை நானும் ஒரு மணி நேரம் ஏமாந்தேன். ஸ்பீக்கரைப் பாருங்கள்.

உலாவி, படத்தை ஒலியின் ஓட்டத்தோடு கோத்துத்தான் நகர்த்தும். ஒலி போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டால் படமும் கூடவே நின்றுவிடும். புளூடூத் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கணினி இன்னும் அதற்கே ஒலி அனுப்பிக்கொண்டிருந்தால் இப்படி ஆகலாம். வீடியோவை மியூட் செய்யாமல், ஒலி அமைப்பில் வேறு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். அசையவில்லை என்றால் பைப்வயர் என்ற ஒலிச் சேவையை மறுபடி தொடங்குங்கள். பழைய பல்ஸ் ஆடியோ என்றால் 'பல்ஸ்ஆடியோ -கே'.

சரிங்க, எனக்கு நெஜமாவே நெட் பக்கம்தான். என்ன செய்யறது?

எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். யூடியூபே சொல்லும் கணக்கு: 480பி-க்கு 1.1 எம்பிபிஎஸ், 720பி-க்கு 2.5, 1080பி-க்கு 5, 4கே-க்கு 20. வீட்டில் ஒருவர் பார்க்க 10 எம்பி தாராளம்.

அடுத்து ரௌட்டருக்கே 'பிங்' (பதில் வர எவ்வளவு நேரம் என்று காட்டும் கட்டளை) போடுங்கள். பல வீடுகளில் 192.168.1.1 என்று இருக்கும். இரண்டு மூன்று மில்லிநொடியில் பதில் வந்தால் வைஃபை நலம், லைன்காரரைக் கூப்பிடலாம். 5, 200, 9, 400 என்று தாவினால் கோளாறு வீட்டுக்குள். 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். லினக்ஸ் வைஃபை அட்டைகளில் மின்சேமிப்பும் தொல்லை கொடுக்கும். நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பு 3 என்றிருந்தால் 2 ஆக்குங்கள். 2 என்றால் அணைந்தது.

வேலந்தாவளம், கோபாலபுரம் ஆட்களுக்கு ஒன்று தனியாக. போன் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் நீங்கள். நடு ஹாலில் தமிழ்நாட்டு டவர், கொல்லைப்புறத்தில் கேரள டவர் எடுக்கும். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் டவர் மாறியதும் நெட் நின்றுவிடலாம். நாம் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருப்போம். ரோமிங்கை இயக்கி வையுங்கள், போனை ஒரே ஜன்னலில் வையுங்கள்.

பழைய குறிப்பு ஒண்ணுல ஃபிளாஷ் பிளேயர் போடச் சொல்லுதே?

வேண்டாம். 2020 டிசம்பர் 31-உடன் அது முடிந்தது. இன்றைக்கு ஃபிளாஷ் போடச் சொல்லும் பக்கம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

ஓடிடி படம் ஓடுது, ஆனா மங்கலா இருக்கே?

அது வேகத்தின் கோளாறு இல்லை. நகலெடுக்காமல் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டு, லினக்ஸ் உலாவிகளில் கீழ்ப் படியில்தான் இயங்கும். அதனால் பல ஓடிடி தளங்கள் லினக்ஸுக்கு உயர் தெளிவைத் தருவதில்லை. டிவியில் நேராகப் பாருங்கள்.

நான் ஃப்ரீபிஎஸ்டி வைச்சிருக்கேன்…

ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ். பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்திலிருந்து இப்படிக் கேட்டு ஒருவர் வந்தார், அன்றைக்கு அவருக்கு டீ என் கணக்கு. 'டிஆர்எம்-கேமாட்' என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் பொதியை நிறுவி, 'ஆர்சி.கான்ஃப்' கோப்பில் 'கேஎல்டி_லிஸ்ட்' வரியில் இன்டெல் என்றால் 'ஐ915கேஎம்எஸ்', ஏஎம்டி என்றால் 'ஏஎம்டிஜிபியு' சேருங்கள். உங்கள் பயனர் பெயரை 'வீடியோ' குழுவில் சேர்க்க மறந்தால் டிரைவர் ஏறியும் பயனில்லை. அவர் மறந்தது அதைத்தான்.

எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். இன்னும் இழுக்குது.

சரி, உலாவியை விட்டு வெளியே வாருங்கள். 'எம்பிவி' என்ற பிளேயர், அதற்கு யூடியூப் வீடியோவை எடுத்துத் தரும் 'ஒய்டி-டிஎல்பி' இரண்டையும் நிறுவுங்கள். எம்பிவி-யை '--ஹெச்டபிள்யுடெக்=ஆட்டோ' என்ற தெரிவோடு ஓட்டி வீடியோ முகவரியைக் கொடுங்கள். விளம்பரம், பரிந்துரைப் பட்டியல், கருத்துப் பகுதி என்று உலாவி தூக்கிச் சுமப்பது எதுவும் இங்கே இல்லை. வீடியோ மட்டும்தான். ஒய்டி-டிஎல்பி-யை அடிக்கடி புதுப்பியுங்கள், பழையதானால் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும்.

தோப்புக்காரருக்கு நீட்சியே போதுமாக இருந்தது. 720பி, 30 ஃபிரேம், எச்.264. மறுநாள் போன் செய்தார். படம் ஓடுகிறதா என்று கேட்டேன். "ஓடுது, இப்ப மத்தளக்காரன் கை ரெண்டு பக்கமும் தெரியுது," என்றார். அப்புறம், பிளானை எந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் குறைக்க வேண்டும் என்று கேட்டார்.